இருபத்தெட்டு வாசல் தகடுகள்

புதன்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு சினேகாவின் போன் அடித்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலை அவளுக்கு. அப்போது சங்குசக்கரப் பெட்டிக்கு மஞ்சள் நிறம் ஏற்றிக்கொண்டிருந்தாள். கணவன் காளீஸ்வரன் வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியின் கேட் நம்பர் என்று பார்த்ததும் எடுக்காமல் விட்டாள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் அப்படி ஒரு பழக்கம். எங்காவது வெடித்த சத்தம் கேட்டால், கம்பெனிக்குள் இருப்பவர்கள் ஓடிவந்து கேட்டில் இருக்கும் போனிலிருந்து வீட்டுக்கு ஒரு ரிங் விடுவார்கள். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. இருப்பது ஒரே போன், பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஆகவே வீட்டில் யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். ரிங் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். கல்யாணமான ஆறு வருடத்தில் சினேகாவுக்கு அப்படி ஒன்பது ரிங் வந்திருந்தது.

அன்று அவளுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அச்சு இயந்திர இரைச்சலில் கேட்காமல் போயிருக்கும், எங்கோ வெடித்திருக்கிறது, அவர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது முறையும் அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்த கற்பகம் திரும்பினாள்.

"ஏடி, ஒரு புருசன் எத்தனை தடவைடி உயிரோட இருப்பான்? எடுத்துத்தான் பேசேன்."

எடுத்தாள். கேட் வாட்ச்மேன் செல்லப்பாண்டி பேசினார். வெடி எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்த காளீஸ்வரன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். முப்பத்தைந்து வயது.

சினேகா திரையில் இருந்ததைச் சேமித்துவிட்டு எழுந்தாள்.

காளீஸ்வரனின் அம்மா மாடத்தி பட்டாசுத் திரி வெட்டி அவனை மெக்கானிக்கல் படிக்க வைத்தவள். ஒரு சீசன் முடியும் வரைக்கும் என்று சொல்லி நாரணாபுரத்துப் பக்கம் அந்தக் கம்பெனியில் சேர்ந்தான். பதினோரு சீசன் ஆகிவிட்டது. சம்பளம் இருபத்தோராயிரம். கூடப் படித்த விக்னேஷ்குமார் ஸ்ரீபெரும்புதூரில் கார் கதவு செய்யும் கம்பெனியில் மேனேஜர். போன வருடம் நாற்பத்தாறாயிரத்துக்கு ஒரு வேலைக் கடிதம் வாங்கி அனுப்பினான். எப்போது வந்தாலும் இடம் உண்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றான். அதைச் சினேகா பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தாள்.

"ரெண்டு பங்குக்கு மேல தாறாக. இன்னும் என்ன யோசனை பண்றீக?"

"அங்கன கதவுக்கு ரப்பர் மாட்டுற லைனைப் பாத்துக்கிட்டு நிக்கணும். அதுக்கு நான் எதுக்கு?"

"இங்கன மட்டும் உங்களைத் தாங்குறாகளாக்கும். வாசலுக்குத் தகரம் அடிக்கத்தான் எங்க அத்தை திரி வெட்டிப் படிக்க வச்சாகளா?"

"தகரம் இல்ல புள்ள, செம்பு," என்று சிரித்தான்.

வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போனால் துணி உரசி உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் பொறி தட்டாமல் கம்பி வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு மட்டும் அது இருந்தது. காளீஸ்வரன் முதலாளியிடம் நச்சரித்து இருபத்தெட்டு அறைக்கும் வாங்கினான். வேலைக்கு வரும் பெண்கள் தகட்டைத் தொட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவார்களாம். "எஞ்சினியரு சாமி, துன்னூறு எங்க?" என்று கையை நீட்டுவார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிடுவான்.

இருபத்தெட்டும் மாட்டி முடித்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தான். தினமும் சாயங்காலம் அவள் கேட்பாள். "இன்னும் கொஞ்சம்தான்" என்பான். செவ்வாய்க்கிழமையும் அதைத்தான் சொன்னான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, அவனுடைய சாமான்களை வாங்கிக்கொள்ள சினேகா கம்பெனிக்குப் போனாள். செல்லப்பாண்டி அவனுடைய பையை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அண்ணே, தகடு மாட்டுறதுல எத்தனை ரூம் பாக்கி?"

"பாக்கியா? இருபத்தெட்டும் தையிலயே முடிஞ்சிருச்சே தாயி."

இது ஆவணி.

"சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சு போச்சு. மீட்டரை வச்சுப் பாத்துட்டு, கரண்டு சரியா எறங்கலன்னாரு. ஆடி கடைசியிலதான் வேற கம்பி வந்துச்சு. திரும்ப ஒண்ணாம் நம்பர்ல இருந்து பிரிச்சு மாட்ட ஆரம்பிச்சாரு. வேற சோலி இல்லையாலேன்னு மொதலாளி கேட்டாக. இதான் என் சோலின்னுட்டாரு."

தைக்கும் சித்திரைக்கும் நடுவில் சும்மா கிடந்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களிலும் அவள் கேட்டிருக்கிறாள். அப்போதும் இன்னும் கொஞ்சம்தான் என்றிருக்கிறான். கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. வெயிலில் கண் கூசியது.

"பாக்கணும்ண்ணே," என்றாள்.

செல்லப்பாண்டி போர்மேனிடம் கேட்டுவிட்டு அவளுடைய போனையும் செருப்பையும் கேட்டிலேயே வைக்கச் சொல்லி அழைத்துப் போனார். அறைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை வாசல்களில் புதுக் கம்பி, தகடு பளபளவென்று இருந்தது. ஆறாம் அறை பூட்டியிருந்தது. கம்பி சேராத அறைக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று அவன்தான் பூட்டச் சொன்னானாம்.

அந்த வாசலில் தகட்டுக்கு நான்கு ஓட்டை. இரண்டில் பித்தளைத் திருகு ஏறியிருந்தது. மீதி இரண்டு திருகும் அவள் கையிலிருந்த அவனுடைய பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே, காகிதத்தில் மடித்தபடி இருந்தன.