பெலன் கேட்கப் போய்ப் பலன் கேட்டேன்

என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்த காலம் அது. ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. தென்காசியில் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வரும் நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கு வருவேன், அடுப்படிக்குப் போவேன், மறுபடியும் வாசலுக்கு வருவேன். வாய் திறந்து கேட்கக் கூச்சம். என் முகத்தைப் பார்த்து அவரே சொல்லிவிடுவார்.

"இன்னைக்கும் இல்லம்மா. வந்தா நான் ஒளிச்சா வைக்கப் போறேன்? தெரு முனையிலேயே மணி அடிச்சுட்டுல்லா வருவேன்."

ஜெபக்கூட்டம் எங்கே நடந்தாலும் போனேன். சாரல் காலத்தில் குற்றாலத்தில் நடந்த மூன்று நாள் கூட்டத்துக்கும் நனைந்துகொண்டே நடந்தேன். பாடும்போது நெஞ்சு நிறைந்திருக்கும். திரும்பும் வழியில் மேலகரம் தாண்டுவதற்குள் எல்லாம் வடிந்து, தபால்காரர் நினைப்பு வந்துவிடும். மற்றவர்களுக்கு நிற்கிறது, எனக்கு மட்டும் நிற்கவில்லையே என்று அதுவும் ஒரு கவலையாகச் சேர்ந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலில் கொடுப்போம். ஐந்து மாதம் கடிதம் வராமல் போனபின் நான் அதை நிறுத்திவிட்டேன். அரிசித் தட்டுப்பாடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு கடிதத்துக்கு ஆண்டவர் வழி செய்யவில்லை, நான் மட்டும் ஏன் போட வேண்டும் என்ற வீம்பு.

புதன்கிழமைகளில், சபையில் போதிக்கும் உபதேசியார் வீட்டில் பெண்கள் கூடுவோம். வரிசையாக ஒவ்வொருவரும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தால் "ஆமென்" என்று முணுமுணுத்துத் தள்ளிவிடுவேன். அன்று பக்கத்தில் இருந்தவள் விடாமல் இடித்தாள். பதறிப்போய், "கர்த்தாவே, எனக்குப் பலன் தாரும்" என்றேன். சொல்ல வந்தது பெலன். வேதத்தில் பெலன் என்றால் வலிமை. நான் கேட்டதோ செய்ததற்குக் கைம்மாறு.

ஜெபம் முடிந்ததும் உபதேசியார் மனைவி, "ஏட்டி, ஆண்டவர்ட்ட கூலியா பேசுத?" என்றார்.

"குடுத்தா வாங்கிக்கிட வேண்டியதுதானே மதினி. எனக்கும் சேத்துக் கேளுட்டி" என்றாள் இடித்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு நடக்கும்போது காது சுட்டது. வாய் தவறவில்லை என்று தோன்றியது. கூட்டம் கூட்டமாக நான் அலைந்து கேட்டதெல்லாம் பலன்தான். இவ்வளவு ஜெபித்திருக்கிறேன், கடிதத்தைக் கொடும் என்பதைத் தவிர நான் வேறெதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மணிச் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. கடிதம் வந்துவிட்டது. சுகமாக இருக்கிறாராம். கூரைக்கு ஓலை மாற்றியாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். அழுதேன், சிரித்தேன். உலை வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். எழுதி மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது சுகம். இப்போது?

கால் தானாக வாசலுக்குப் போனது. ஏழு மாதம் கேட்ட பலன், வந்து உலை கொதிக்கும்வரைகூட என்னிடம் நிற்கவில்லை.

அரிசி களைந்துகொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அரிசிப் பானையிலிருந்து நனையாத அரிசி ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டேன். யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டு, எழுத்துத் தவறாமல், "பெலன் தாரும்" என்றேன். நெஞ்சு நிறையவில்லை. சோற்றை வடித்துச் சாப்பிடும் அளவுக்கு ஒரு தைரியம் இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அது இல்லை. மறுபடி ஒரு பிடி போட்டு, மறுபடி கேட்டேன்.

அவர் திரும்பி வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை ஒவ்வொரு உலைக்கும் கேட்டேன். வந்த பிறகும் கேட்கிறேன். மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுபடி தொடங்கி அந்த முதல் பிடி போட்ட மறுநாளும் வாசலில்தான் நின்றேன். தபால்காரர், "இன்னைக்கு இல்லம்மா" என்றார்.

"சரி அண்ணாச்சி, நாளைக்கு வாங்க" என்றேன். அத்தனை மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நான் உலையைப் பார்க்க உள்ளே போனேன்.