இரண்டு கணினியில் ஒரு செவ்வாய்

சண்டிலிப்பாயில் தேனுஜனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவனுடைய வாயைத் தெரியாதவர்கள் இல்லை. நான் அவனுக்கு மச்சாள், பக்கத்து வளவில்தான் வீடு. அவனை நக்கலடிக்க எனக்கு யாரும் அனுமதி தரத் தேவையில்லை.

யாழ்ப்பாண நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. தோட்டத்தில் புகையிலைக்கு வாய்க்கால் திருப்பித் தண்ணி மாறச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கணினி முன்னால் குந்தியிருந்தால் பிடிக்காதாம். அவன் எழுதிய எது பிழைத்தாலும் பதில் ஒன்றுதான்: "என்ரை மெசினிலை ஓடுதே!"

ஒருநாள் சாதகப் பொருத்தம் பார்க்கிற மென்பொருள் ஒன்றை எழுதினான். பிறந்த திகதி, நேரம், இடம் கொடுத்தால் கட்டம் போட்டுப் பொருத்தம் சொல்லும். "சாத்திரியார் பிழை விடுவார், என்ரை கோட் விடாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இவனைப் பார்த்துத்தான் சொன்னது போல.

ஏனென்றால் அடுத்ததாக அவனுக்கே கலியாணப் பேச்சு வந்தது. பெண் தர்சிகா, உடுப்பிட்டி, அவனோடு வேலை செய்கிறவள். இருவரும் விரும்பியது. அவனுடைய அம்மா, என் உதயகலா மாமி, ஓம் என்றார். தர்சிகாவின் அம்மா நாகேஸ்வரியும் ஓம் என்றார், சாதகம் பொருந்தினால். "வேறை சாத்திரி ஏன்? மாப்பிள்ளையின்ரை மெசினே சொல்லட்டும்" என்றும் சொல்லிவிட்டார்.

மெசின் சொன்னது. தேனுஜனுக்கு ஒரு குற்றமும் இல்லை. மற்றப் பொருத்தமெல்லாம் நல்லது. ஆனால் தர்சிகாவுக்கு எட்டில் செவ்வாய்! ஒருவருக்குச் செவ்வாய் இருந்து மற்றவருக்கு இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் கலியாணம் நடவாது. மாமியின் முகம் கறுத்துவிட்டது.

தேனுஜன் உடனே தர்சிகாவுக்குப் போன் எடுத்தான். அவள் அழவில்லை. "உங்கடை சோர்ஸ் கோட்டை அனுப்புங்கோ, நான் ஓட்டிப் பாக்கிறன்" என்றாள். அவனுடையது விண்டோஸ், அவளுடையது லினக்ஸ். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தன்னுடைய கணினியில் ஓட்டினாள். அங்கே அவளுக்கு ஒரு குற்றமும் இல்லை, அவனுக்கு ஏழில் செவ்வாய்!

"பாத்தியே, தன்ரை மெசினிலை தன்னைக் கழுவித் துடைச்சு வைச்சிருக்கிறான்!" என்று நாகேஸ்வரி உடுப்பிட்டியில் கத்தினார். "அவள்தான் எதையோ மாத்திப்போட்டாள்" என்று மாமி இங்கே கத்தினார். நான் வயிறு நோகச் சிரித்தேன். பிறகு அவன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் எழும்பிப் போவதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தர்சிகா தாயையும் கூட்டிக்கொண்டு மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினியையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்தார்கள். கொடுத்த பிறந்த நேரம் ஒன்றுதான், ஆனால் அதைக் கணக்குக்கு எடுத்தபோது இரண்டிலும் அரை மணித்தியாலம் வித்தியாசப்பட்டது.

"நேரக் கணக்கைப் பார் எண்டு மெசினிட்டையே விட்டிருக்கிறியள்" என்றாள் தர்சிகா. "உங்கடை மெசின் இண்டைய கணக்கை எல்லா வருசத்துக்கும் போடுது. என்ரை மெசினிலை பழைய மாற்றங்களும் இருக்கு. நாங்கள் பிறந்த காலத்திலை அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருந்தது."

அப்படியானால் அவளுடைய கணினிதான் சரி. செவ்வாய் அவனுக்குத்தான். தேனுஜன் அதே கணக்கைத் தன்னுடைய கணினியில் மறுபடி மறுபடி ஓட்டினான். நாகேஸ்வரி தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். "வா பிள்ளை, போவம்." தர்சிகா எழும்பவில்லை. கதிரையில் இருந்தபடியே அழத் தொடங்கிவிட்டாள்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆரின்ரை மணிக்கூட்டைப் பற்றிக் கதைக்கிறியள்? இவனை நான் பெத்தது மல்லாவியிலை, இடம்பெயர்ந்து கிடந்த கொட்டிலுக்கை. வன்னி அப்ப இயக்கத்தின்ரை கையிலை, அங்கை அரசாங்கம் சொல்லி ஆர் மணிக்கூட்டைத் தள்ளினது? நான் சொன்ன நேரம் பழைய நேரம்!"

தர்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். "அம்மா, என்னை எங்கை பெத்தனீங்கள்?"

"பருத்தித்துறை அரசாங்க ஆஸ்பத்திரியிலை. அங்கை புது நேரம்தான்."

"அப்ப அவரின்ரை கட்டத்துக்கு அவரின்ரை மெசின் சரி. என்ரை கட்டத்துக்கு என்ரை மெசின் சரி."

அவனுடைய கட்டத்தை அவனுடைய கணினியில் பார்த்தோம், அவளுடையதை அவளுடையதில் பார்த்தோம். இரண்டு பேருக்கும் செவ்வாய் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

நாகேஸ்வரி திரும்பக் கதிரையில் இருந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். "பிள்ளையளைப் பெறேக்கை எங்கடை மணிக்கூடுகள் ஒத்துவரேல்லை" என்றார் மாமியிடம். "இதுகளாவது ஒத்துவரட்டும்."

ஆவணியில் கலியாணம் முடிந்தது. அந்த மென்பொருள் இப்போது அந்த வருடங்களில் பிறந்தவர்களிடம் முதலில் பழைய நேரமா புது நேரமா என்றுதான் கேட்கிறது. நேற்று அவன் எழுதிய வேறொன்று தர்சிகாவின் கணினியில் ஓடாமல் நின்றுவிட்டது. "என்ரை மெசி..." என்று தொடங்கினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தேனுஜன் ஐயா வாயை மூடிக்கொண்டு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.