கீழே மளிகை, மேலே மனை

எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த பூங்காவின் வாசலில் ஒரு நாள் பெரிய பலகை ஒன்றை நட்டார்கள். அதில் வரைந்திருந்த படத்தில் பூங்காவுக்கு மதில் இல்லை. நாலு பக்கமும் வெளிர்நிற மாடிக் கட்டடங்கள். நடுவில் தூங்குமூஞ்சி மரங்கள் மட்டும் இருந்தபடியே இருந்தன. மைசூரில் யாரும் போடாத தொப்பியைப் போட்ட ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். இன்று இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அன்று நான் மூன்றாம் வகுப்பு. நாயை மட்டும்தான் பார்த்தேன்.

சித்திக்குப் பார்க்க வேறு விஷயம் இருந்தது. பூங்கா மதிலை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட கடை வரிசை ஒன்று உண்டு. டீக்கடை, பூக்கடை, சைக்கிள் கடை, கடைசியில் சித்தியின் தையல் கடை. ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா வரவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா என்னைப் பால் வாங்க அனுப்பிவிடுவாள். வரிசையை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து சித்தி சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் கன்னடம் பேசுவார்கள். படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும். சித்தி என்னைக் கூட்டிப் போய்ப் பலகை முன் நிறுத்தினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். “கெளகெ மளிகெ, மேலெ மனெ.” அடியில் சின்ன எழுத்தில், இப்போது பூங்காவைச் சுற்றி மளிகெ வைத்திருப்பவர்களுக்கே முதலிடம் என்று போட்டிருந்தது.

கன்னடத்தில் மளிகெ என்றால் கடை. எந்தக் கடையானாலும் சரி. ஆனால் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அங்கடி என்பார்கள். மளிகெ என்பது பலகைகளிலும் அரசாங்கக் காகிதங்களிலும் மட்டும் குடியிருக்கும் சொல். எங்களுக்குத் தெரிந்த மளிகையில் துவரம்பருப்பு இருக்கும்.

“மளிகைக் கடைக்குத்தான் எடம் குடுப்பாங்களா கண்ணு?” என்று கேட்டாள் சித்தி. ஆமாம் என்றேன், மிக உறுதியாக.

“யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

சைக்கிள் கடைக்காரருக்குத் தெரிந்தால் அவரும் பருப்பு வாங்கி அடுக்கிவிடுவாரோ என்று பயம். எங்கள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. தையல் கொஞ்சம் மந்தம் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அந்த வாரம் கடையில் வந்து இறங்கிய சரக்கு எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கிறது: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, வரமிளகாய், மல்லி, புளி, நிலக்கடலை, வெல்லம். கடைசி இரண்டும் என் பொறுப்பில் வேகமாகக் குறைந்தன. துணி வெட்டும் மேசைமேல் தராசு ஏறியது. அளவு கொடுக்க வந்தவர்கள் தும்மினார்கள். கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையில் மல்லி வாசம் அடிக்கிறது என்று ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தார். போகும்போது கால் கிலோ உளுந்து வாங்கிப் போனார்.

கடைகளைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். அவர் தலை தெரிந்ததும் சித்தி தையல் மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடினாள்.

“இது யாவ மளிகெம்மா?”

“மளிகைங்க.”

“அதே, யாவ மளிகெ?”

“மளிகைதானுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகக் கை காட்டினார். அது டீ மளிகெ, அது பூ மளிகெ, அது சைக்கிள் மளிகெ. இது என்ன மளிகெ? நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கும் சித்திக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சித்தி போர்வையை உருவி எடுத்தாள். அவர் மெஷினையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தையல் என்று எழுதிக்கொண்டார். தமிழ் பேசும் கொள்ளேகாலத்துக்காரரான சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க்கா, பருப்புக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கறீங்களா?”

அடுத்த கேள்வி வந்தது. “யஜமானர ஹெசரு?”

எஜமான் பெயரைக் கேட்கிறார் என்று சொன்னேன். சித்தி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

“நானே.”

அதற்கு இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்தான். அவர் பேனாவை நிறுத்தி, சித்தியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அவள் பெயரைக் கேட்டு எழுதினார்.

இடித்தார்கள், பல வருடம் கட்டினார்கள். சித்தியின் கடை இப்போது பூங்காவைப் பார்த்த கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவோடு இருக்கிறது. மேலே குடியிருப்பவர்கள் சாயங்காலம் மரத்தடியில் நடந்துவிட்டு, தைக்கக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள்.

பள்ளிக் காலம் முழுக்க இந்தக் கதையை நான்தான் வீட்டில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். யஜமானரு என்றால் இங்கே புருஷன் என்று தெரிந்ததும் கதை இன்னும் நன்றாக அமைந்தது. புருஷன் பெயர் கேட்டதற்கு நானே என்றாள் சித்தி. ஒரே நாளில் இரண்டு தப்பு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், சித்தியும்தான்.

போன மாதம் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யஜமானரு வந்து பணம் தருவார், யஜமானருக்கு இந்தக் கலர் பிடிக்காது என்று பெண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பழைய கடையிலும் இதே பேச்சுதான். கணக்கெடுக்க வந்தவர் கேட்பதற்கு முன்பே இரண்டு வருடமாகச் சித்தி அந்தச் சொல்லைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். விரல் விட்டு எண்ணிய எனக்கு அது தெரியவில்லை.