ஸ்பானியலுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆஸ்திரேலியாவின் புண்ணியத்தில். நந்தனத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த ஆபீசில் ஓர் ஆங்கிலோ இந்திய ஸ்டெனோ இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவருடைய ஸ்பானியல் ஜாதி நாயைக் கொண்டுபோக வழியில்லை. என்னைத் தவிர யாரிடமும் விட மனமில்லை என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, முடியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு கம்பி பிரஷ்ஷும் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளும் கூடவே வந்தன. தினமும் அடிமுடி வரை பிரஷ் பண்ண வேண்டும், சிக்கெடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது என்று அதில் இருந்தது. படித்தேன், பத்திரமாக அலமாரியில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் பத்திரமாக வைத்த எதுவும் உபயோகப்பட்டதில்லை.

அடையாறில் வாடகைப் போர்ஷனில் நானும் அம்மாவும் மட்டும்தான். நாய் என்றாலே எட்டடி தள்ளி நிற்கிற அம்மா, இதைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். காரணம் முடி. தேன் நிறத்தில், காதிலிருந்து அலை அலையாகத் தொங்கும் முடி. பரட்டைத் தலையைக் கண்டால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது.

"என்னடி இது, இத்தனை முடியை வச்சுண்டு ஒரு சொட்டு எண்ணெய் பார்க்காம இருந்திருக்கு! பொண்ணுதானே?"

"ஆமாம்மா."

"அப்போ வெள்ளிக்கிழமை."

அவ்வளவுதான். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி. ஆஸ்திரேலியா போக வேண்டிய நாய், கொல்லைக் குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டது. பிறகு சீயக்காய். அதன் பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், சாம்பிராணிப் புகை. கம்பி பிரஷ் தரைக் கறை தேய்க்கப் போய்விட்டது. அம்மா தன் சீப்பால் மேலாக வாரிவிடுவாள். பளபளவென்று இருக்கும். தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கும் பெருமை தாங்காது.

மேலே பளபளப்பு, உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் அடையாறில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு காலி மனை. நாய் அதில் புரண்டுவிட்டு ஒட்டுப்புல்லும் மணலுமாக வரும். எண்ணெய்ப் பிசுக்கில் அதெல்லாம் அடிமுடியில் போய் உட்கார்ந்தது. ஐப்பசி மழையில் முடி காயவே இல்லை. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் கை வைத்தால் கம்பளித் துண்டு தைத்தாற்போல் கெட்டியாக இருந்தது. நாய் ஓயாமல் தலையை உதறியது, கால்களை அகட்டி அகட்டி நடந்தது.

"எண்ணெய் போதலை" என்றாள் அம்மா. செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை இழந்து தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் அதையே வேகம் என்று நினைத்துக்கொள்ளும் குணம். சடையாகத் திரண்ட முடிக்குள் தோலும் சுருண்டு ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. காதோரம் அரை அங்குலம் கிழிந்தது. அந்த மெல்லிய காதில் அவ்வளவு ரத்தம் இருக்கும் என்றும் தெரியாது. நாய் வீறிட்டுக்கொண்டு இரும்புக் கட்டிலுக்கு அடியில் போனதுதான், அதன் பிறகு நான் கண்ணில் பட்டாலே உறுமியது. மறுநாள் அம்மா கையை விட்டு அதை வெளியே இழுக்கப் போனாள். உள்ளங்கையில் கடித்துவிட்டது.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, பத்து நாள் நாயைக் கவனியுங்கள், அதற்குள் அது செத்தால் உங்கள் அம்மாவுக்கு வெறிநாய்க்கடிக்காகத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார். வீட்டுக்கு வந்த கால்நடை டாக்டர் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து, பாடுபட்டு நாயின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். சடைக்கடியில் தோல் அழுகத் தொடங்கிவிட்டது, உடனே எடுத்தாக வேண்டும். ஆனால் இதயம் பலவீனம், மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். விழித்திருக்கும்போதே எடுக்க வேண்டும். தொட்டால் கடிக்கிற நாயை யார் தொடுவது?

அன்று சாயங்காலம் அம்மா, தன் தலையிலிருந்து உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சேர்த்து வைக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினாள். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், எப்படிப்பட்ட சிக்கையும் பிரித்து அவளுக்குச் சவுரிமுடி கட்டிக் கொடுக்கிறவர் இருந்தார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மறுநாளே வந்து வாசலில் நின்றார்.

"இன்னாமா, நாய் முடில சவுரியா? நா கட்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அம்மா விஷயத்தை முழுசாகச் சொன்னாள். அவர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். நாய் பல்லைக் காட்டியது. "சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று தரையில் துணியை விரித்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மாவின் டப்பாவைத் திறந்து தன் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு முடிச்சுருளை எடுப்பார், உதறுவார், விரலால் பிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய்க்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டால் இந்த மனிதர் சவுரி கட்டிக்கொண்டிருக்கிறாரே!

ஒரு மணி நேரம் கழித்து நாய் தானாக வெளியே வந்தது. துணிமேல் கிடந்த அம்மாவின் முடியை மோந்து பார்த்தது. அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. 

அவர் திரும்பக்கூட இல்லை. பக்கவாட்டில் கையை நீட்டி அக்குள் சடையைத் தொட்டுப் பார்த்தார். "யாரும்மா எண்ணெ தேச்சது?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"சிக்கிக்கினு கீற முடில தண்ணி ஊத்துனா கல்லு மாரி இறுகிப் பூடும்மா. அதுல எண்ணெ வேற, மண்ணு வேற. நீங்களே கட்டிப் போட்டு வச்சுகீறீங்க."

"எங்காத்துல எல்லாருக்கும் இதான் வழக்கம்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

முகத்துக்குப் போடும் பவுடர் கொஞ்சம் கேட்டார். அதைச் சடைமேல் தூவி ஊற விட்டார். பிறகு இடது கையின் இரண்டு விரலால் தோலை ஒட்டி முடியின் வேரைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் ஒரு கோணி ஊசி. அதைக்கொண்டு சடையை நீளவாக்கில் கீறி இரண்டாக்கினார், இரண்டை நாலாக்கினார். நுனியிலிருந்து வேரை நோக்கி ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டே வந்தார். "இழுக்கறது தோலுக்குத் தெரியக்கூடாதும்மா. அவ்ளோதான் தொழிலு."

நாய் தூங்கிவிட்டது. மருந்தால் தூங்க வைக்கப் பயந்த நாயை இரண்டு விரலால் தூங்க வைத்துவிட்டார். கோயிலில் தீபாராதனையின்போதுகூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை. ஒட்டுப்புல், சீயக்காய்த் தூள், சாம்பிராணிக் கரி, ஒரு துண்டு பூ நார் எல்லாம் துணியில் உதிர்ந்தன. சடை இருந்த இடத்தில் புதுசாகப் பிறந்த குழந்தையின் தோல் மாதிரி ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது. இவ்வளவு மென்மையான ஒன்றின்மேல் இத்தனை நாள் அந்தப் பாரத்தை வைத்திருந்தோம்.

மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, நான் கிழித்த காதின் அடியில் இருந்த பெரிய சடை. அங்கேதான் தோல் அழுகியிருந்தது. அதைப் பிரிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும், வேரை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். நாய் உறுமியது.

"நீ தள்ளுடி" என்று அம்மா உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி அவர் காட்டிய இடத்தில் பிடித்தாள்.

ஊசி உள்ளே போனதும் நாய்க்கு வலித்துவிட்டது. சட்டென்று திரும்பி அம்மாவின் மணிக்கட்டை வாயில் கவ்வியது. நான் அலறிவிட்டேன். பல் பதிந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

"வேரை விடாதீங்கம்மா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "இப்ப வுட்டா காதே கிழிஞ்சு பூடும்."

அம்மா விடவில்லை. விரல் அசையவில்லை. குனிந்து நாயின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கடிச்சுக்கோடி. நான் பண்ணினதுதான் எல்லாம். தெரியாம பண்ணிட்டேன். கடிச்சுக்கோ."

அம்மா யாரிடமும் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. நாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. கவ்வியபடியே, வலிக்கும்போதெல்லாம் மூக்கால் முனகிக்கொண்டு, அரை மணிக்கு மேல் அப்படியே இருந்தது. கடைசி இழை பிரிந்து காது பொத்தென்று சரிந்ததும் வாயைத் திறந்தது.

நான் ஓடிப்போய் அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு கீறல் இல்லை, எச்சில் ஈரம் மட்டும் இருந்தது.