ஒரே ஒரு சிமுரே

என் தங்கச்சி நல்லம்மாளைப் பத்திப் பேசுனா, "சொன்ன பேச்சு தட்டாதவ"ன்னு எல்லாரும் சொல்வாங்க. கேக்கவே எனக்கு வயித்தெரிச்சல். அப்படி ஆக்கினதே நான்தானே!

அப்பாவுக்கு ரயில்வேயில வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்ல, தண்ணித் தொட்டிக்குக் கீழே நாங்க ரெண்டு பேரும் ஒரு ராஜ்யம் வெச்சிருந்தோம். அதுக்குத் தனியா ஒரு பாஷை வேற. யானைன்னா 'பொங்கா', பறக்கறதுன்னா 'லீப்பு'. ராணி யாரு? அக்காவாச்சே, நான்தான். நான் "சிமுரு"ன்னா காதுல விழுந்த உடனே செஞ்சாகணும், ஏன்னு கேக்கக் கூடாது. "சிமுரே"ன்னு பதில் சொல்லணும். ஒருநாள் நான் "சிமுரு"ன்னதுக்காக அவ உச்சி வெயில்ல வெறுங்காலோட தண்டவாளத்தைத் தாண்டிப் போய்ட்டு வந்தா, பைத்தியக்காரி. பாதமெல்லாம் கொப்புளம். நான் சிரிச்சேன்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷத்துல, என் வீட்டுக்காரரோட ஒன்னுவிட்ட தம்பிக்கு அவளைக் கேட்டு வந்தாங்க. மாப்பிள்ளைக்குக் கிள்ளான் டவுன்ல வேலை. குடிச்சா கை நீட்டுவான்னு எனக்குத் தெரியும். "அக்கா, எனக்கு இவரு வேணாம். நீ சொன்னா அப்பா கேப்பாரு"ன்னு நிச்சயத்துக்கு முதநாளே கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. சரின்னேன். தட்டு மாத்துற நேரம் மாமியார் என்னையே பாக்குறாங்க. இவளும் என்னையே பாக்குறா. எனக்குப் புகுந்த வீட்டு மானம் பெருசாப் போச்சு. அவ காதோரம் குனிஞ்சு "சிமுரு"ன்னேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா. அப்புறம் "சிமுரே"ன்னா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டுல அவளைப் பாக்கக் கிள்ளானுக்குப் போனேன். அவளுக்கு ஒரு கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. "வாடி, இப்பவே ரயிலேறலாம்"னு துணிமணியை மூட்டை கட்டினேன். அதைப் புடுங்கிக் கீழே வெச்சா.

"போக்கா. அவரு வந்தா உன்னையும் அடிப்பாரு. இனிமே இங்க வராத."

நான் நகரல.

"சிமுரு"ன்னா.

அம்மாடி! அந்த வார்த்தையை யாரும் என்கிட்ட சொன்னதே இல்ல. வாய் தானா "சிமுரே"ன்னுச்சு. ரயிலேறி வந்துட்டேன். ஒரு தடவையாச்சும் அவ பேச்சுக்கு அடங்கினோமேன்னு ஆறுதல் வேற பட்டுக்கிட்டேன், மூதேவி. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல.

நாலாம் மாசம், அவ செத்துட்டான்னு ஆள் வந்து சொன்னாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. பக்கத்து வீட்டு வள்ளியம்மாதான் என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

"தினமும் சாயங்கால ரயில் சத்தம் கேட்டா வாசல்ல வந்து நிப்பாம்மா. அக்கா வரும்னு."

பாவி, அந்த ஒரு தடவை நான் அடங்காம இருந்திருக்கக் கூடாதா!