முதல் ஈடு

புனேயை ஒட்டிய நிக்டியில் பவுனின் மாவு புளித்துப் போய் யாரும் பார்த்ததில்லை. சேலத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் அவிக்கும் இட்லியைக் கணவன் கந்தசாமி சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கியபடி பிம்ப்ரி ஆலை வாசல்களுக்குப் போவான். குடும்பம் அந்த மாவை நம்பித்தான் ஓடியது. தொண்ணூறுகளில் புனே குளிர்ந்த ஊர். மார்கழியில் மாவுப்பானைக்குக் கம்பளி போர்த்தி வைப்பாள். கோடையிலும் கவலையில்லை. அவர்களுடைய ஒற்றை அறைக்குத் தகரக்கூரைதான் என்றாலும், பக்கத்து வீட்டு லீலாவின் வேப்பமரம் அதன்மேல் கவிந்து நின்றது.

லீலா திருச்சிக்காரி, கம்பெனி உத்தியோகஸ்தரின் மனைவி, சொந்த வீட்டுக்காரி. ஹிந்தி தெரியாமல் விழித்த பவுனைக் கையைப் பிடித்துக் கடைகண்ணிக்கு அழைத்துப் போனவள் அவள்தான். அந்த நன்றிக்குப் பவுன் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தினமும் முதல் ஈட்டில் நாலு இட்லி மதில் தாண்டிப் போகும். உடம்புக்கு முடியாத நாளில்கூட அது நின்றதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊர் சூடேறத் தொடங்கியது. சாலையை அகலப்படுத்த மரங்களைச் சாய்த்தார்கள். நாலு பக்கமும் மாடிகள் முளைத்தன. பவுனுக்குப் பயம் வந்துவிட்டது. மரத்தைப் பற்றி ஒருநாள் லீலாவிடம் கேட்டே விட்டாள்.

"நான் இருக்கிற வரைக்கும் அதுமேல ஒருத்தன் கை வைக்க முடியாது பவுனு" என்றாள் லீலா. சாமி வாக்கு மாதிரி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள் நம் பவுன்.

லீலாவின் மகன் விஜய்க்கு விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது, கார் வந்தது. காரின் மேல் காக்கைகள் எச்சமிட்டன. அந்தப் பங்குனியில்தான் லீலாவுக்குப் பவுன்மேல் திடீரென்று கரிசனம் பொங்கியது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பார்களா, புருஷனையும் கூட்டிக்கொண்டு போ, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விரட்டாத குறையாக அனுப்பினாள். ரயிலுக்குப் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கும்போது பவுனுக்குக் கண் கலங்கியது. அசடு.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோது கூரைக்கு மேலே வெறும் வானம் தெரிந்தது. மரம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை, அதன்மேல் கார். கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து வெட்டிவிட்டார்கள், தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை என்று லீலா மூக்கைச் சிந்தினாள். பவுன் அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

அறை அடுப்பாகிவிட்டது. உடம்பெல்லாம் வேர்க்குரு. இட்லிக் கொப்பரைப் பக்கத்திலேயே ஒருநாள் மயங்கி விழுந்தாள். உப்பைக் குறைத்தாள், ஈரச்சாக்கு சுற்றினாள், நேரம் மாற்றி அரைத்தாள்; மாவு பொழுது விடியும் முன்பே பொங்கி வழிந்து புளித்தது. ஆலை வாசலில் பழகிய ஆட்கள் கந்தசாமியைத் தாண்டி வடாபாவ் வண்டிக்கு நடந்தார்கள்.

அவனிடம் வழக்கமாக இட்லி தின்னும் மரவெட்டி ஒருவன் போகிற போக்கில் உடைத்தான். கார்ப்பரேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. இட்லிக்காரி ஊருக்குப் போகிற வாரமாய்ப் பார்த்து வா என்று லீலாதான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாளாம்.

கந்தசாமி வந்து பவுனிடம் அதை அப்படியே சொன்னான். ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, ஆறுதல் சொன்னதை நினைத்தால்தான் உடம்பு கூசியது. மறுநாளும் முதல் ஈட்டை அனுப்பினாள். தின்னும்போதாவது உறைக்கட்டும் என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் லீலா தட்டோடு மதிலருகே வந்தாள். நாலு இட்லியும் அப்படியே இருந்தன.

"நாளையிலேர்ந்து வேண்டாம் பவுனு, தப்பா நினைச்சுக்காதே. ரொம்பப் புளிக்கறது. விஜய் வாயிலயே வைக்க மாட்டேங்கறான்."

பவுன் கை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"மரம் இருந்த வரைக்கும் புளிக்கலீங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வெயில் அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்றபடியே லீலா உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். புது ஏசியின் பெட்டியை மதில் பக்கமாகத்தான் மாட்டியிருந்தார்கள். அது உறுமிக்கொண்டு கிளம்ப, தட்டோடு நின்ற பவுனின் முகத்தில் சூடான காற்று வந்து அடித்தது.