ஜனா முதலாளியின் லைசன் துவக்கு

துவக்கை நடுவில் மடக்கி, குழாயின் பின்வாயில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார் ஜனார்த்தனன். தோட்டா இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்க்கிறார். இல்லை. நிமிர்த்தி மூடுகிறார், ஒரு பெருமூச்சு விடுகிறார், மறுபடியும் மடக்கிப் பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இதே நேரத்தில் இவர் பார்த்து வைத்த பிறகு அந்தத் துவக்கைத் தொட்டவர் எவருமில்லை. இருந்தாலும் என்ன, "பாத்தாலும் பாக்கலன்னே நெனைச்சுக்கணும்" என்பது அவர் கொள்கை. அது துவக்கோடு நிற்பதுமில்லை. கேஸ் சிலிண்டர், கடைப் பூட்டு, மூக்கின் மேலேயே இருக்கிற மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கியவர் பாதி வழியில் திரும்பி வந்து கதவை ஆட்டிப் பார்ப்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

வயது ஐம்பத்தெட்டு. றக்வான என்கிற மலையூரின் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மம்முட்டி, கவ்வாத்துக் கத்தி, ஆணி, கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு எல்லாம் அவரிடம் கிடைக்கும். வீடு ஊருக்கு மேலே, மலையின் அடியில். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. மரவள்ளி இருக்கிற இடத்துக்குப் பன்றி வராமல் இருக்குமா? அந்தப் பன்றிகளுக்காக அவருடைய அப்பா காலத்தில் கிடைத்த லைசன்தான் இந்த ஒற்றைக் குழல் துவக்குக்கு.

ஆனால் பன்றிகள் பயப்பட வேண்டியதில்லை. இவர் இதுவரை ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. பன்றி வந்தால் எண்ணெய் டின்னை எடுத்துத் தட்டுவார். "சுட்டா குழாய கழுவணும். தோட்டா ஒண்ணு கொறையும். ஏன் கொறைஞ்சிச்சின்னு பதில் சொல்லணும். டின்னு தட்டுனா யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல பாருங்க" என்பார்.

சுடாத துவக்குக்கு நடக்கிற உபசாரம் கொஞ்சமல்ல. பக்கத்துக் கடைத் தையல்காரர் பவாஸிடம் மாதம் ஒருமுறை மெஷின் எண்ணெய் வாங்கி வருகிறார். பழைய வேட்டித் துண்டைக் கம்பியில் சுற்றிக் குழாயைத் துடைக்கிறார். துவக்கு உள்ளறை அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். தோட்டாக்கள் முன்னறையில், பால்மா டின்னுக்குள், ஈரம் உறிஞ்ச இரண்டு கரித்துண்டுகளோடு தனியே இருக்கும். அவர் மனைவி அனுஷியா இத்தனை வருஷமாக இந்த உபசாரத்தைப் பார்த்துச் சலித்துப்போய் துவக்குக்குச் "சம்பந்தி" என்று பெயர் வைத்துவிட்டார். "சம்பந்தி குளிச்சாச்சா? அப்ப நீங்க சாப்பிட வாங்க" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். பவாஸும் விடுவதில்லை. "அண்ணே, வூட்ல எல்லாரும் நல்லமா ஈக்கிறாங்களா? துவக்கு?" என்று விசாரிப்பார்.

இந்தக் கேலியெல்லாம் அவருக்குப் பட்டும் படாமலும் போய்விடும். காரணம் ஒன்று உண்டு, அதை அவர் அதிகம் பேசுவதில்லை. நாட்டில் கலவரம் நடந்த கெட்ட காலத்தில் ஒருமுறை இந்தத் துவக்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு அவருடைய அப்பா பதினாறு வருஷம் காத்திருந்தார். துருப்பிடித்துத் திரும்பி வந்தபோது கிழவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். லைசன் புதுப்பிக்க வருஷா வருஷம் ஜனார்த்தனன் போகும்போது, பட்டியலில் அவருடைய தமிழ்ப் பெயருக்கு வந்ததும் எழுதுகிறவர் ஒரு தரம் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். குறையாக எதுவும் சொல்வதில்லை, சிரிக்கவும் செய்வார். ஆனாலும் அந்தப் பார்வைக்கு ஒரு கேள்வியும் மிச்சம் வைக்கக்கூடாது என்று ஜனார்த்தனன் முப்பது வருஷமாக நடந்துவருகிறார். பிறத்தியார் துவக்கைத் தொலைத்தால் கவனக்குறைவு என்பார்கள், தான் தொலைத்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்பது அவருடைய பயம்.

மழைக்காலம் வந்தால் மனிதர் இன்னும் மும்முரமாகிவிடுவார். மேல் வெட்டிய சோடா போத்தலில் மழையை அளப்பார். சுவரில் வெடிப்புக் கண்டால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பார், வெடிப்பு கோட்டைத் தாண்டினால் தெரியுமாம். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதிப் பத்திரம், பிரஷர் மாத்திரை எல்லாம் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் இருக்கும். டோர்ச்சும் அதே பையில்தான், பேட்டரியைக் கழற்றித் தனியே கட்டியிருப்பார். உள்ளேயே கிடந்தால் தண்ணீர் விட்டு, தேவைப்படுகிற அன்று எரியாது. ஆணி வாங்க வருகிறவர்களுக்கும் ஓசியில் உபதேசம் கிடைக்கும். "மலையிலருந்து வர்ற பீலித் தண்ணி கலங்குனா துணிமணிய எடுத்து வைங்க. மழ பேயும்போதே தண்ணி நின்னுபோச்சின்னா எதையும் எடுக்காதீங்க, ஓடுங்க. மலை உள்ளுக்கு அசைஞ்சிருச்சின்னு அர்த்தம்."

மண்சரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்த உடனேயே அவர் துவக்கைச் சாக்கில் சுற்றி, ஆட்டோ பிடித்து, பொலிஸில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவார். ஜனா முதலாளி நீளமான பொட்டலத்தோடு இறங்கி வருகிறார் என்றால் கடைவீதியில் காயப்போட்ட துணியை எடுத்துவிடுவார்கள்.

இந்த முறை மழையில் அந்தக் கணக்கு தப்பியது. மஞ்சள் எச்சரிக்கை வந்த காலையில் பொலிஸுக்குப் போகிற பாதையில் ஒரு மரம் மண்ணோடு சேர்ந்து விழுந்து வழி அடைபட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. மலையடியில் இருக்கிற எல்லோரையும் பாடசாலைக்கு வரச்சொல்லி அறிவித்தார்கள். அனுஷியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கணவர் அலுமாரிக்கு முன்னால் இருந்த வாங்கில், துவக்கை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கெளம்பலியா?"

"ரோட்டு மூடிருச்சி. பொலிசுக்குப் போக முடியாது."

"நம்மள ஸ்கூலுக்குத்தானே கூப்பிடுறாங்க."

"அங்க புள்ளைங்க ஓடித் திரியும். இத அங்க கொண்டுபோகக் கூடாது."

"அப்ப பூட்டி வச்சிட்டு வாங்க."

"வீட்டோட போயிருச்சின்னா? உண்மையிலேயே மண்ணுக்குள்ளதான் இருக்கா, இல்ல யாருக்காச்சும் குடுத்துட்டியான்னு கேப்பாங்க. என் பேருக்கு நான் என்னா பதில் சொல்ல? நீ போ அனுஷியா. மழ கொஞ்சம் விட்டதும் வந்துர்றேன்."

அனுஷியா பையைக் கீழே வைத்தார். வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பீலித் தண்ணி நின்னுபோச்சி. இப்பதான் பாத்துட்டு வர்றேன்" என்றார் அனுஷியா.

ஜனார்த்தனனின் கை துவக்கின் பிடியை இறுக்கிக்கொண்டது.

"ஒண்ணு கேக்குறேன். அது காணாமப் போனா உங்கள கேள்வி கேப்பாங்க. நான் காணாமப் போனா யாரும் கேக்க மாட்டாங்க. எனக்குத்தான் லைசன் இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அதனால்தான் அது அவரை அப்படிச் சுட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் இப்படி ஒரு கணக்கை மனதுக்குள் போட்டு வைத்திருக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கிறதே என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

எழுந்தார். சுண்டுவிரலை விட்டு ஒரே ஒரு தரம் பார்த்தார். குழாயைப் பிடியோடு சேர்க்கிற முன்கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அந்தக் கட்டை இல்லாமல் இரண்டும் சேர்ந்து நிற்காது, எவர் கையில் அகப்பட்டாலும் உடனே உதவாது. மற்றதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தரையில் கிடந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, குடையை அனுஷியாவிடம் கொடுத்தார். வாசற்கதவை இழுத்துப் பூட்டியவர் பாதி வழியில் திரும்பி வரவில்லை.

நாலு மணிக்கு மலை இறங்கியது. மண் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளறைக்குள் ஜன்னல் உயரத்துக்கு நிறைந்தது. அலுமாரியும் வாங்கும் அதற்கடியில் போயின. முன்னறை மட்டும் நின்றது. ஆட்களுக்குச் சேதமில்லை, எல்லோரும் பாடசாலையில் இருந்தார்கள். பவாஸ் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தப்பிச்சீங்களே அண்ணே" என்று அழுதார். அந்த முறை அவர் துவக்கை விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பாதை திறந்ததும், மற்றவர்கள் வீட்டைப் பார்க்க ஓட, ஜனார்த்தனன் பொலிஸுக்கு நடந்தார். அனுஷியாவும் கூடவே போனார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஜனார்த்தனன் வழிநெடுகச் சிங்களத்தில் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே போனார். மேசையில் முன்கட்டையை வைத்தார். துவக்கின் இலக்கத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார். அலுமாரி எந்தச் சுவரோரம், பூட்டு எத்தனை, தோட்டா டின் எந்த அறை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சார்ஜன்ட் பல வருஷமாக ரசீது எழுதிக் கொடுக்கிறவர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி, மழை தூறினாலே கொண்டுவந்து விடுவீர்களே. நீங்களா இந்தத் தடவை துவக்கை விட்டுவிட்டு வந்தீர்கள்?"

விழுந்த மரம், மூடிய பாதை, பாடசாலைப் பிள்ளைகள் என்று மூன்று பதில்கள் அவரிடம் தயாராக இருந்தன. மூன்றும் உண்மை. மூன்றையும் விட்டுவிட்டார். திரும்பி, வாசலில் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்ற அனுஷியாவைக் கையால் காட்டினார்.